பிக்கப்புக்கு ஏ/டி டயரா, மட் டயரா? எடைக் கணக்கு முதல் காற்று அளவு வரை

பிக்கப்புக்கு டயர் மாற்றப் போகும்போது பெரும்பாலும் கண்தான் முதலில் முடிவு செய்கிறது. விரல் நுழையும் இடைவெளியோடு பெரிய பெரிய பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டிகள்), தோள்பட்டை (தரையைத் தொடும் பகுதியின் ஓரம்) வரை ஏறிய பற்கள், சைடுவாலில் (டயரின் பக்கச் சுவரில்) தடித்த வெள்ளை எழுத்து. வண்டி நிற்கும்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அதே டயர் மழையில் தார் ரோட்டில் பிரேக் அடிக்கும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பது வேறு கேள்வி. சரியான வரிசை இது: ஓடும் தரை, தாங்க வேண்டிய எடை, வண்டிக்குள் அடங்கும் அளவு, கடைசியாகப் பட்டன். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பணமும் போகும், பிடிப்பும் போகும்.

முதலில் சொற்கள். ஹெச்/டி என்பது தார் ரோட்டுக்கான டயர். ஆல் டெரெய்ன் டயரை ஏ/டி என்றும், மட் டெரெய்ன் டயரை எம்/டி என்றும் சுருக்கிச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஆர்/டி என்று ஒரு வகை இருக்கிறது. நடுப்பகுதி ஏ/டி போலவும் தோள்பட்டை எம்/டி போலவும் இருக்கும் கலப்பு அது. டோயோ ஓப்பன் கன்ட்ரி ஆர்/டி, நிட்டோ ரிட்ஜ் கிராப்ளர் போன்றவை இந்த ரகம். இந்த எழுத்துகளுக்கு எந்தத் தரச் சோதனையும் கிடையாது, கம்பெனி தானே வைத்துக்கொள்ளும் பெயர்தான். ஒரு கம்பெனியின் முரட்டு ஏ/டி இன்னொன்றின் ஆர்/டியை விட முரடாக இருக்கலாம். எனவே எழுத்தை நம்பாமல் பட்டனைப் பார்க்க வேண்டும்.

படி 1: கிலோமீட்டர் எங்கே போகிறது?

ஒரு மாத ஓட்டத்தைத் தாளில் எழுதுங்கள். தார் ரோடு எவ்வளவு, சரளையும் மண் ரோடும் எவ்வளவு, உண்மையான சேறு எவ்வளவு, மணல் எவ்வளவு. "உண்மையான சேறு" என்றால் இறங்கி நின்றால் கணுக்கால் வரை புதையும் சகதி. மழை பெய்து மேலே வழுக்கும் மண் ரோடு அந்தக் கணக்கில் வராது.

தார் ரோடு முக்கால் பங்குக்கு மேல், மீதி சரளை, மண் ரோடு, எப்போதாவது சேறு என்றால் ஏ/டி. வாரத்தில் பல நாள் களிமண்ணுக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும், அங்கே வண்டி மாட்டினால் வேலையே நிற்கும் என்றால் எம்/டி. கூர்கல் நிறைந்த பாதையில் சைடுவால் கிழிவதுதான் முக்கியத் தொல்லை, ஆனால் தார் ரோட்டிலும் பாதி ஓட்டம் என்றால் ஆர்/டியைப் பார்க்கலாம். ஓட்டம் முக்கியமாக மணலில் என்றால் எம்/டியை மறந்துவிடுங்கள். எம்/டி வாங்குகிறவர்களில் பலருக்கு அது தேவையே இல்லை. ஏ/டியைப் போட்டு, காற்றைக் குறைத்து ஓட்டக் கற்றுக்கொண்டாலே அவர்கள் போகிற இடத்துக்கெல்லாம் போய்விடலாம்.

பட்டன் என்ன வேலை செய்கிறது?

சேற்றில் சக்கரம் சுற்றுவதை வெளியே நின்று பார்த்தால் வேறுபாடு ஒரே நிமிடத்தில் புரியும். ஏ/டி டயர் களிமண்ணுக்குள் நுழைந்து இரண்டு மூன்று சுற்று சுற்றியதும் பட்டனுக்கு நடுவே இருக்கும் பள்ளங்கள் அடைத்துக்கொள்கின்றன. சக்கரம் முழுக்க மண்ணின் நிறம், பள்ளமும் மேடும் தெரியாத வழவழப்பான உருளை. அந்தக் கணத்தில் புது டயருக்கும் மொட்டை டயருக்கும் வித்தியாசம் இல்லை. எம்/டியில் பள்ளம் அகலம், ஆழமும் அதிகம். புதிய ஏ/டியின் ஆழம் பொதுவாக 11 முதல் 13 மி.மீ. என்றால் எம்/டியில் 14 முதல் 16 மி.மீ. இருக்கும். சக்கரம் வேகமாகச் சுற்றும்போது ஒட்டிய மண் கட்டிகட்டியாகத் தெறித்து விழுகிறது, அடுத்த சுற்றில் பட்டன் மறுபடி மண்ணைக் கடிக்கிறது.

இங்கே பலர் தவறவிடும் விஷயம், மண் தெறிப்பதற்குச் சக்கர வேகம் வேண்டும். ஊர்ந்து ஊர்ந்து போனால் எம்/டியும் அடைத்துக்கொள்ளும். ஓரளவு வேகத்தைப் பிடித்து, நடுவே நிற்காமல், ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிது அசைத்துக்கொண்டே போனால் தோள்பட்டைப் பற்கள் பள்ளத்தின் ஓரச் சுவரைப் பிடித்து இழுக்கும்.

மணலில் கதை தலைகீழ். அங்கே தேவை மிதப்பது. எம்/டியின் பற்கள் மணலைத் தோண்டும், ஆக்சிலேட்டரை மிதித்த வேகத்தில் வண்டி தனக்குத்தானே குழி பறித்துக்கொள்ளும். காற்றைக் குறைத்த ஏ/டியோ ஹெச்/டியோ அதைவிடச் சுலபமாகப் போய்விடும்.

ஈரத் தார் ரோட்டில் பிடிப்பைத் தருபவை பட்டன் மேல் கத்தியால் கீறியது போல இருக்கும் மெல்லிய கோடுகள். சைப் என்பார்கள். ஏ/டியில் இவை நிறைய, எம்/டியில் குறைவு. தரையைத் தொடும் ரப்பரும் எம்/டியில் குறைவுதான். உயரமான பட்டன் பிரேக்கிலும் வளைவிலும் நெளியும். இதனால் ஈர ரோட்டில் எம்/டி நிற்க அதிக தூரம் எடுக்கும், வளைவில் ஸ்டியரிங் சற்றுத் தாமதமாகப் பேசும். உறைபனி ரோட்டிலும் இதே காரணத்தால் எம்/டி மோசம். மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் படம் பொறித்த டயர் பனிப் பிடிப்புச் சோதனையில் தேறியது. வெறும் எம்+எஸ் எழுத்து பட்டன் வடிவத்தைப் பற்றியது மட்டுமே, அதற்குப் பிடிப்புச் சோதனை இல்லை.

பாறையில் வேலை செய்வது பட்டனை விடச் சைடுவால். மூன்று அடுக்கு சைடுவால் உள்ள எம்/டிகள் கூர்கல்லில் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். சரளை ரோட்டில் வேறொரு தொல்லை: பள்ளத்துக்குள் சிக்கிய கல் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே இறங்கி ரப்பரைத் துளைத்து, கடைசியில் டயருக்குள் இருக்கும் எஃகு பெல்ட்டைத் தொடும். பள்ளத்தின் அடியில் சிறு மேடுகள் வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கல்லை வெளியே தள்ளுவதற்காக வைத்தவை அவை.

சத்தத்தைப் பற்றிக் கடையில் யாரும் முழுதாகச் சொல்வதில்லை. எம்/டி புதிதில் போடும் சத்தம் ஒரு மாதிரி. பட்டன் சாய்ந்து தேயத் தொடங்கியதும் வருகிற ஊளை வேறு மாதிரி. இரண்டாவதை நினைத்து முடிவெடுங்கள்.

படி 2: எடைக் கணக்கு

சைடுவாலில் "எல்டி 265/70 ஆர் 17 121/118 எஸ்" என்று இருந்தால், எல்டி என்பது லைட் டிரக் கட்டுமானம். 121 என்பது ஒற்றைச் சக்கரமாக ஓடும்போது தாங்கும் எடைக் குறியீடு, 118 இரட்டைச் சக்கரத்துக்கு. எஸ் என்பது வேக எல்லை, மணிக்கு 180 கி.மீ. எம்/டிகளில் அடிக்கடி காணும் கியூ என்றால் 160, ஆர் என்றால் 170, டி என்றால் 190.

எடைக் குறியீட்டில் 110 என்றால் 1060 கிலோ, 112 என்றால் 1120, 115 என்றால் 1215, 121 என்றால் 1450, 123 என்றால் 1550. எல்லாம் ஒரு டயருக்கு.

உதாரணமாக, வண்டியின் பின் ஆக்சில் எல்லை 1850 கிலோ என்று வைப்போம். கதவு ஓரத் தகட்டில் இந்த எண் இருக்கும். ஒரு டயருக்கு 925 கிலோ. பயணிகள் கார் வகை டயரைப் பிக்கப்பில் போடும்போது அது தாங்கும் எடையை 1.10 ஆல் வகுக்க வேண்டும் என்பது டயர் துறையின் விதி. 112 குறியீடு என்றால் 1120 ஐ 1.10 ஆல் வகுக்க 1018 கிலோ வரும். போதும், ஆனால் மிச்சம் அதிகம் இல்லை. எல்டி டயருக்கு இந்த வகுத்தல் கிடையாது.

அதற்காக எல்லாரும் பத்து பிளை (அடுக்கு) டயரைத் தேடி ஓட வேண்டியதில்லை. எல்டியில் லோட் ரேஞ்ச் (எடை தாங்கும் வகை) சி என்பது ஆறு பிளை வலிமை, முழு எடையைத் தாங்க 50 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வேண்டும். டி என்றால் எட்டு, 65 பிஎஸ்ஐ. ஈ என்றால் பத்து, 80 பிஎஸ்ஐ. "பத்து பிளை" என்பது வலிமைக் குறியீடு மட்டுமே, உள்ளே பத்து அடுக்கு இருக்காது. ஈ ரேஞ்ச் டயர் பயணிகள் வகையை விட ஒன்றுக்கு நாலைந்து கிலோ கூடுதல். வெறும் வண்டியாக ஓடும்போது பின்பக்கம் குதிக்கும், மைலேஜ் இறங்கும், சஸ்பென்ஷனும் பிரேக்கும் கூடுதலாக உழைக்கும். எப்போதும் முழு லோடு, டிரெய்லர் இழுப்பு, கூர்கல் என்றால் ஈ. சின்ன பிக்கப், நடுத்தர லோடு என்றால் சி கிடைக்கிறதா பாருங்கள், அது நல்ல சமரசம்.

படி 3: அளவு

கணக்கு சுலபம். 265/65 ஆர் 17 என்றால் 265 அகலம் (மி.மீ.), 65 விகிதம் (சதவீதம்), 17 ரிம் அங்குலம். அகலத்தை விகிதத்தால் பெருக்கினால் சைடுவால் உயரம். அதை இரட்டித்து, ரிம் அங்குலத்தை 25.4 ஆல் பெருக்கிக் கூட்டினால் மொத்த விட்டம்.

265/65 ஆர் 17: 776 மி.மீ.
265/60 ஆர் 18: 775 மி.மீ.
265/70 ஆர் 17: 803 மி.மீ.
285/70 ஆர் 17: 831 மி.மீ.

முதல் அளவிலிருந்து மூன்றாவதுக்குப் போனால் விட்டம் 27 மி.மீ. கூடும். தரை இடைவெளி கூடுவது அதில் பாதி, சுமார் 13 மி.மீ. வேகம் 3.4 சதவீதம் ஏமாற்றும்: மீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 103.4. நான்காவது அளவில் இது 7 சதவீதம். கியர் விகிதமும் அதே அளவுக்கு நீளும். லோடோடு மேடேறும்போது ஒரு கியர் கீழே இறக்க வேண்டி வரும், 4எல்லில் (ஃபோர் வீல் டிரைவின் தாழ்ந்த கியரில்) ஊர்ந்து போகும் வேகமும் கூடிவிடும். விட்டம் 3 சதவீதத்துக்கு மேல் போகாமல் இருந்தால் பெரும்பாலும் வேறெதையும் தொட வேண்டாம். 3.4 எல்லைக் கோடு, பல வண்டிகளில் அடங்கும். 7 என்றால் மீட்டர் திருத்தம், சஸ்பென்ஷன் உயர்வு, சில சமயம் உள்பக்கம் வெட்டும் வேலை எல்லாம் பின்னாலேயே வரும்.

புது டயர் போட்டதும் "மைலேஜ் ரொம்ப விழுந்துவிட்டது" என்று புலம்புவதற்கு முன் ஒரு திருத்தம் செய்யுங்கள். பெரிய டயரில் ஓடோமீட்டர் குறைவாக எண்ணும். 3.4 சதவீதம் பெரிய டயரில் உண்மையில் 100 கி.மீ. ஓடினால் அது 96.7 என்றுதான் காட்டும். அதைத் திருத்திய பிறகு மிஞ்சும் இறக்கம்தான் டயரின் குற்றம்.

முதல் இரண்டு அளவுகளும் ஒரே உயரம் என்பதையும் கவனியுங்கள். ஆனால் 17 ரிம்மில் சைடுவால் 172 மி.மீ., 18 ரிம்மில் 159. அந்த 13 மி.மீ. ரப்பர் காற்றைக் குறைக்கும்போதும் கல்லில் மோதும்போதும் ரிம்மைக் காப்பாற்றும். பிரேக் காலிப்பர் இடம் கொடுத்தால் சின்ன ரிம்தான் நல்லது.

உரசுகிறதா என்று பார்க்கும் முறை: பெரிய டயரை ஒரு பக்கம் மட்டும் மாட்டச் சொல்லுங்கள். உள் பிளாஸ்டிக்கிலும், சக்கரத்துக்குப் பின்னால் பாடி மவுண்ட் (பாடியைச் சேசிஸோடு பிணைக்கும் இடம்) இருக்கும் மூலையிலும், மேல் கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் சஸ்பென்ஷன் கை) பக்கத்திலும் ஈரக் களிமண் உருண்டைகளைச் சுண்டுவிரல் தடிமனுக்கு ஒட்டுங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்துங்கள். ரிவர்ஸில்தான் பல வண்டிகள் உரசும். பிறகு அந்தச் சக்கரத்தை ஒரு மேட்டில் ஏற்றி ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் மறுபடி ஒடியுங்கள். எந்த உருண்டை நசுங்கியிருக்கிறதோ அங்கே இடம் போதாது.

ரிம்மையும் மாற்றுவதாக இருந்தால் ஆஃப்செட்டைக் கணக்கிடுங்கள். ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம் அது, ஈடி என்று மி.மீ.யில் எழுதுவார்கள். 7.5 அங்குலம் ஈடி 30 இலிருந்து 8 அங்குலம் ஈடி 20க்குப் போனால் வெளி விளிம்பு சுமார் 16 மி.மீ. வெளியே வரும், உள்பக்கம் 4 மி.மீ. இடம் கூடும். கன்ட்ரோல் ஆர்ம் தப்பித்தது, ஆனால் ஃபெண்டரும் பாடி மவுண்டும் மாட்டும், வீல் பேரிங்குக்கும் சுமை கூடும். ஸ்டெப்னி தொங்கும் இடத்தில் புதிய அளவு நுழையுமா என்பதையும் டேப் வைத்து அளங்கள். பலருக்கு இது நினைவுக்கு வருவது பணம் கட்டிய பிறகுதான்.

படி 4: கடையில்

தேதிக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். முழுக் குறியீடு டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம், புரட்டிப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் விலை பேச நியாயமான காரணம் அது.

ஐந்தும் ஒரே மாடலாக வாங்குங்கள், ஸ்டெப்னியும் சேர்த்துத்தான். முன்னால் ஏ/டி, பின்னால் எம்/டி என்று கலக்காதீர்கள். ஃபோர் வீல் டிரைவில் முன்னும் பின்னும் விட்டம் மாறினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) முறுக்கிக்கொள்ளும். பட்டனில் 1 மி.மீ. தேய்மான வித்தியாசம் என்றால் விட்டத்தில் 2 மி.மீ. வித்தியாசம்.

ஈ ரேஞ்ச் டயர் வாங்கினால் வால்வைக் கேளுங்கள். சாதாரண ரப்பர் வால்வின் எல்லை 65 பிஎஸ்ஐ. லோடுக்காக 80 வரை ஏற்றப் போகிறீர்கள் என்றால் அதிக அழுத்த வால்வோ உலோக வால்வோ வேண்டும். ரிம் தாங்கும் எடையும் பல ரிம்களில் உள்பக்கம் பொறித்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது அம்புக்குறி உள்ள டயரா என்று பாருங்கள், சில எம்/டிகள் ஒரு திசையில் மட்டுமே சுற்ற வேண்டும். பேலன்சிங்கில் ஈயம் (சமன் செய்யும் எடைக்கட்டி) வரிசையாக ஒட்டிக்கொண்டே போனால் நிறுத்தச் சொல்லி, காற்றை இறக்கி, டயரை ரிம்மில் பாதிச் சுற்று திருப்பி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பல சமயம் ஈயம் பாதியாகக் குறையும். நட்டுகளை நட்சத்திர வரிசையில், வண்டிக் கையேடு சொல்லும் டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்க வேண்டும். 80 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். அலைன்மென்டும் அதே வாரத்தில்.

படி 5: காற்று

கதவு ஸ்டிக்கரில் இருக்கும் அளவு கம்பெனி போட்ட டயருக்கானது. பயணிகள் வகையிலிருந்து எல்டிக்கு மாறினால் அதே எடைக்கு அதிகக் காற்று வேண்டும். பழைய அளவையே வைத்து லோடு ஏற்றினால் சைடுவால் சூடேறி உள்ளே பிரியும். சைடுவாலில் எழுதிய உச்ச அளவை அப்படியே ஏற்றுவதும் தப்பு: நடுப் பட்டன் மட்டும் தேயும், வெறும் வண்டி துள்ளும்.

சரியான வழி: வழக்கமான லோடோடு எடைமேடையில் முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் தனித்தனியாக எடை போடுங்கள். இரண்டால் வகுத்து, டயர் கம்பெனியின் எடை-காற்று அட்டவணையில் உங்கள் அளவுக்கு நேரே பாருங்கள். பிறகு ரோட்டில் சரிபாருங்கள். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து, ஒரு மணி நேரம் ஹைவேயில் ஓட்டி உடனே மறுபடி அளங்கள். 4 முதல் 6 பிஎஸ்ஐ ஏறினால் சரி. அதற்கு மேல் ஏறினால் குளிரில் காற்று குறைவு, ஏறவே இல்லை என்றால் அதிகம். சூடான டயரிலிருந்து காற்றை இறக்கிச் சமன் செய்யாதீர்கள்.

தரை மாறும்போது லோடு இல்லாத நடுத்தர பிக்கப்புக்குத் தொடக்க அளவுகள்: சரளை 26 முதல் 28 பிஎஸ்ஐ, சேறு 20 முதல் 25, பாறை 18 முதல் 20, மணல் 16 முதல் 18. லோடு இருந்தால் பின்பக்கம் நாலைந்து கூட்டுங்கள். காற்று இறங்கும்போது தரையைத் தொடும் பரப்பு முக்கியமாக நீளத்தில்தான் கூடுகிறது, அகலத்தில் கொஞ்சம்தான். அந்த நீளம்தான் மணலில் மிதக்க வைக்கிறது. சேற்றில் ஒரு விதிவிலக்கு: மேலே நாலு விரல் சகதி, கீழே கெட்டித் தரை என்றால் காற்றைக் குறைக்காமல் வெட்டிக்கொண்டு போவதே நல்லது.

20க்குக் கீழே இருக்கும்போது 30 கி.மீ. வேகத்தைத் தாண்ட வேண்டாம், திடீரென்று ஒடிக்கவும் வேண்டாம், டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். நம்பகமான கேஜும் 12 வோல்ட் கம்ப்ரசரும் வண்டியில் இல்லையென்றால் காற்றை இறக்காதீர்கள். தார் ரோடு ஏறுவதற்கு முன் ஏற்றியே ஆக வேண்டும்.

படி 6: இடமாற்றமும் தேய்மானமும்

ஏ/டியை 8000 கி.மீ.க்கு ஒருமுறை, எம்/டியை 5000க்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். பின் டயர்கள் நேராக முன்னுக்கு, முன் டயர்கள் குறுக்காகப் பின்னுக்கு. திசை அம்பு உள்ளவை அதே பக்கத்தில் முன் பின்னாக மட்டும். இதைத் தள்ளிப்போட்டால் பட்டனின் ஒரு விளிம்பு உயர்ந்தும் மறு விளிம்பு தாழ்ந்தும் ரம்பப் பல் போலத் தேயும். கையை ஒரு திசையில் தடவினால் வழவழப்பு, எதிர்த் திசையில் தடவினால் குத்தும். அந்த நிலைக்குப் போன எம்/டியின் ஊளையை இடமாற்றம் முழுதாகச் சரிசெய்யாது.

இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட். திட்டுத் திட்டாகக் குழி விழுந்தால் ஷாக் அப்சார்பரையும் பேலன்சிங்கையும் பாருங்கள்.

பல நாடுகளில் சட்ட எல்லை 1.6 மி.மீ. ஆழம். சேற்றில் அதற்கு வெகு முன்பே கதை முடிந்துவிடும். பாதி தேய்ந்த எம்/டி சேற்றில் ஏறக்குறைய புது ஏ/டி அளவுக்குத்தான் நிற்கும், ரோட்டில் அதைவிட மோசம்.

பஞ்சர் நடுப் பட்டன் பகுதியில், 6 மி.மீ.க்கு மிகாத ஓட்டையாக இருந்தால் உள்ளிருந்து காளான் வடிவப் பிளக் வைத்து ஒட்டலாம். தோள்பட்டையிலும் சைடுவாலிலும் ஒட்டக் கூடாது, பத்து பிளையாக இருந்தாலும் சரி. வெளியிலிருந்து திணிக்கும் கயிறு பிளக் வீடு வந்து சேர மட்டும்.

சேற்றில் ஓட்டிய மறுநாள் ஹைவேயில் 80ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கினால் பேலன்சிங் கடைக்குப் போவதற்கு முன் ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள். கைப்பிடி அளவு களிமண் அங்கே காய்ந்து ஒட்டியிருக்கும், நடுங்க அது போதும். தண்ணீரைப் பீய்ச்சி உள்பக்கத்தைச் சுத்தமாகக் கழுவுங்கள். காய்ந்த மண் வால்வு மூடியை இழுத்துக்கொண்டு போயிருக்கிறதா என்று ஐந்து சக்கரத்திலும் பார்த்துவிடுங்கள்.